ஸ்லேட்டர் கிராம ஆய்வுகள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம்மிடம் படித்த இளைஞர்களை அவரவர் அறிந்த ஊர்களைப் பற்றி விசாரித்து எழுதச் சொன்னார். 1916 முதல் அவர்கள் நடத்திய ஆய்வுகளும், அதே ஊர்களுக்குப் பின்வந்தோர் திரும்பிச் சென்று நடத்திய மறு ஆய்வுகளும் சேர்ந்து ஸ்லேட்டர் கிராம ஆய்வுகள் என வழங்குகின்றன. முதற்கட்டக் கட்டுரைகளில் தேர்ந்தவை, 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1918-இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. அன்றைய சென்னை மாகாணம் தமிழ், தெலுங்கு, மலையாளப் பகுதிகளை உள்ளடக்கியிருந்ததால் நூலிலும் மூன்று பகுதிகளின் ஊர்களும் இடம்பெற்றன. பிற்கால ஆய்வாளர்கள் அதிகமாகத் திரும்பிச் சென்றவை ஐந்து தமிழ்நாட்டு ஊர்கள்: இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டுத் தூசி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு. (மாவட்டப் பெயர்கள் அன்றைய நிலவரப்படி.) இத்தொடர் ஒரு பேராசிரியரின் பெயராலேயே பேசப்பட்டு வந்தாலும், இளைஞர்கள் செய்த சமூக ஆய்வாக இதைப் பார்த்தால்தான் அதன் வலிமையும் குறையும் சேர்ந்தே விளங்கும். ஊரை அறிந்தவர் எழுதினார் என்பது அதன் மதிப்பு. ஊரில் எந்தத் தெருவை அறிந்தவர் எழுதினார் என்பது அதன் எல்லை.

ஸ்லேட்டர் 1864-இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் பிறந்தவர். இலண்டனின் உல்விச் நகரசபையின் மேயராக 1905-06-இல் இருந்தார். 1907-இல் அவர் வெளியிட்ட நூல், ஆங்கில உழவர்களின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாக்கப்பட்ட வரலாற்றைச் சொல்வது. ஊர் ஊராக ஆவணங்களைப் புரட்டி, யார் எவ்வளவு நிலம் இழந்தார்கள் என்று தொகுத்த உழைப்பு அது. 1909 முதல் 1915 வரை ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தார். சுரங்கத்திலும் ஆலையிலும் ரயில்வேயிலும் வேலை செய்தவர்கள் வந்து படித்த கல்லூரி அது. அங்கே மாணவர் வகுப்பறைக்கு வரும்போதே பொருளாதாரத்தைத் தம் கையாலும் வயிற்றாலும் அறிந்திருந்தார். ஆசிரியர் தர வேண்டியது அந்த அறிவை ஒழுங்குபடுத்தும் முறையை மட்டுமே. சென்னைத் திட்டத்தின் வித்து இந்த இரண்டு அனுபவங்களிலும் இருக்கிறது. ஊர்தான் பொருளாதார வரலாற்றின் அடிப்படை அலகு என்ற எண்ணம் முதலாவதிலிருந்து வந்தது. மாணவர் வெறுங்கையோடு வருவதில்லை என்ற நம்பிக்கை இரண்டாவதிலிருந்து. 1915-இல் சென்னைக்கு வந்து 1921 வரை அவர் பணியாற்றினார். இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றி 1924-இல் அவர் எழுதிய நூலும் தமிழ்நாட்டில் ஓரளவு அறியப்பட்டது. ஆயினும் அவர் செய்தவற்றுள் நிலைத்தது மாணவர்களின் ஊர் ஆய்வுதான்.

'இந்தியப் பொருளியல்' என்ற துறையே அப்போது ஒரு வழக்கின் நடுவில் நின்றது. 1892-இல் புனே தக்காணக் கல்லூரியில் ஆற்றிய உரையில், ஆங்கிலப் பாடநூல்களின் பொருளியல் விதிகள் எல்லா நாட்டுக்கும் எக்காலத்துக்கும் பொருந்துமா என்று மகாதேவ கோவிந்த ரானடே கேட்டிருந்தார். தாதாபாய் நவ்ரோஜி 1901-இல் வெளியிட்ட நூல், இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்ற தம் பழைய கணக்கை முன்வைத்து, நாட்டின் செல்வம் வெளியே வடிகிறது என வாதிட்டது. அரசுத் தரப்பு வேறு கணக்குகளைக் காட்டியது. இரு தரப்பும் நாடு தழுவிய கூட்டுத்தொகைகளை வைத்தே வாதாடின. ஒரு குடும்பம் எவ்வளவு நெல் அறுக்கிறது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது, கூலிக்காரருக்கு எத்தனை படி அளக்கப்படுகிறது என்பதற்கு நம்பகமான சான்று இரண்டு பக்கத்திலும் சொற்பம். புனே வேளாண் கல்லூரியின் முதல்வர் ஹெரால்டு மான் பிம்ப்ளா சௌதாகர் என்ற தக்காண ஊரை ஆராய்ந்து 1917-இல் நூல் வெளியிட்டார். பஞ்சாபின் பொருளாதார விசாரணைக் குழுவின் பணி அதற்கும் பிந்தியது. சென்னை ஆய்வுகள் இவற்றோடு ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை. ஆனால் மானின் நூல் வேளாண்மை அறிஞர் ஒருவர் தம் சகாக்களோடு எழுதியது, பஞ்சாபின் விசாரணை அரசு அமைத்த குழுவுடையது. பட்டப்படிப்பு மாணவர்களையே ஆய்வாளர்களாக்கியது சென்னையின் தனித்தன்மை.

திட்டத்தின் கருவி ஒரு நீண்ட வினாநிரல். மக்கள்தொகை, சாதிவாரிக் குடும்பங்கள், நிலவகை, பாசனம், பயிர், விளைச்சல், கால்நடை, கூலி, கைத்தொழில், கடன், சந்தை, பள்ளி, சுகாதாரம் என ஊர் வாழ்வின் பல பக்கங்களையும் அது தொட்டது. மாணவர் விடுமுறையில் ஊருக்குப் போய், வினாக்களுக்கு விடை தேடி, கட்டுரையாக எழுதி வருவார். விடைகள் இரண்டு வாயிலாகக் கிடைத்தன. ஒன்று, கணக்குப்பிள்ளையின் ஏடுகள். அரசு நிலவுடைமையாளரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கிய ரயத்துவாரி முறை நடந்த ஊர்களில் எந்தப் புலம் யார் பெயரில், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு, இவ்வாண்டு என்ன பயிர் என்பதெல்லாம் சிட்டாவிலும் அடங்கலிலும் பதிவாகி, ஆண்டுதோறும் ஜமாபந்தியில் சரிபார்க்கப்பட்டன. ஜமீன்தார் வழியாக நிரந்தரத் தீர்வை நடந்த வங்காளத்தில் ஊர் மட்டத்தில் இப்படி ஒரு தொடர் பதிவு கிடையாது; இருபது வயது மாணவர் ஒருவர் சில வாரங்களில் ஓர் ஊரின் நிலக் கணக்கை எழுத முடிந்ததற்கு இந்த ஏடுகளே காரணம். இரண்டாவது வாயில், மாணவரின் சொந்த அறிமுகம். ஏடு பட்டாதாரரின் பெயரைச் சொல்லும். உழுகிறவர் பெயரைச் சொல்லாது. வாரத்துக்கு விட்ட நிலம் எது, குத்தகை எத்தனை கலம், களத்திலேயே யாருக்கு எவ்வளவு அளந்து கொடுக்கப்படுகிறது என்பதை ஏட்டில் தேடிப் பயனில்லை. களத்துமேட்டில் நின்று பார்த்தவருக்குத்தான் அது தெரியும். வெளியூர் அதிகாரி கேட்டால், தீர்வையை உயர்த்த வந்திருக்கிறார் என்று எண்ணி விளைச்சலைக் குறைத்துச் சொல்வார்கள். நாட்டாண்மை வீட்டுப் பிள்ளையோ, அக்கிரகாரத்துப் பிள்ளையோ, ஒன்றுவிட்ட மாமன் மகனோ கேட்டால் அப்படி மறைக்க முடியாது, மறைத்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அளவைகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். கலம் என்பது 12 மரக்கால். ஆனால் மரக்கால் எத்தனை படி என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. விற்க ஒரு மரக்காலும் கூலி அளக்க இன்னொரு மரக்காலும் வைத்திருந்த மிராசுதார்களை, அதாவது நிலவுடைமையாளர்களை, பற்றிய புகார் தஞ்சை வட்டாரத்தில் நெடுநாள் நிலவியது. சின்ன மரக்காலை ஒழிக்கக் கோரிப் பிற்காலத்தில் கூலித் தொழிலாளர் போராடவும் செய்தனர். ஒரு நாள் கூலி இத்தனை படி நெல் என்று எழுதும்போது, அது எந்தப் படி என்று கேட்கத் தெரிந்தவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அளவையைச் சென்னைப் படிக்கோ பவுண்டுக்கோ மாற்றும் இடத்தில் ஒரு தவறு நேர்ந்தால், அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானக் கணக்கு முழுவதும் புரண்டுவிடும்.

ஐந்து ஊர்களும் ஐந்து வகை நிலம். பாலக்குறிச்சி காவிரிக் கழிமுகத்தில் ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். நிலவுடைமை மிகக் கூர்மையாகக் குவிந்திருந்த கீழத்தஞ்சையைச் சேர்ந்தது. தூசி காஞ்சிபுரத்துக்கு அருகே, பல்லவர் காலத்துத் தொன்மை உடைய மாமண்டூர் ஏரியின் நீரை நம்பிய ஊர். இருவேல்பட்டு திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில், தென்பெண்ணைப் படுகையில் உள்ளது. அங்கே பெருநிலம் கொண்ட ஒரு ரெட்டியார் குடும்பத்தின் ஆதிக்கம் ஊர் வாழ்வின் எல்லாக் கூறுகளையும் தொட்டது. கங்கைகொண்டான் நெல்லைக்கு வடக்கே சிற்றாற்றை ஒட்டி, நஞ்சையும் புஞ்சையும் கலந்த ஊர். வடமலாபுரம் சிவகாசிக்கு அருகே, மழையையும் கிணற்றையும் நம்பிய வறண்ட நிலம். யாரும் திட்டமிட்டு இப்படிப் பொறுக்கவில்லை. எந்த ஊர்களிலிருந்து மாணவர்கள் கல்லூரிக்கு வந்திருந்தார்களோ, அவற்றிலிருந்தே அமைந்தது.

முதல் ஆய்வுகளில் இன்றும் அதிகமாகப் படிக்கப்படுவது படியாள் முறை பற்றிய பகுதி. பள்ளர், பறையர், சில இடங்களில் வன்னியர் குடும்பங்களைச் சேர்ந்த ஆண்கள், பெரும்பாலும் திருமணச் செலவுக்காக, மிராசுதாரிடம் ஒரு தொகை முன்பணமாகப் பெறுவார்கள். அது அடையும் வரை அவருக்கே வேலை செய்ய வேண்டும். படிக்கூலியோ சாப்பாட்டுக்கு மேல் மிஞ்சாது. ஆகவே கடன் அடைவதில்லை, மகன் தலையில் இறங்கும். இருவேல்பட்டுக் கட்டுரை இந்த உறவை விரித்துச் சொல்கிறது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமையுடைமைக்கு நீதிமன்ற ஆதரவை நீக்கி 70 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அந்த உறவு, பெயரும் காகிதமும் மாறிய நிலையில், உயிரோடு இருந்ததற்கு ஊர் மட்டத்தில் கிடைத்த தெளிவான சாட்சிகளுள் இது ஒன்று. படியாள் முறை வேண்டும்போது விலகக்கூடிய வேலை ஒப்பந்தமே என்றும், பஞ்ச காலத்தில் அது காப்பாகவும் இருந்தது என்றும் ஒரு வாதம் உண்டு. மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறித் தப்பியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். தப்பிப் போக வேண்டியிருந்தது என்பதே அது ஒப்பந்தம் அல்ல என்பதற்குச் சான்று.

இத்தொடரின் மீது எழுப்பப்படும் முதல் ஆட்சேபம், பயிற்சியற்ற மாணவர்கள் திரட்டிய தரவை எப்படி நம்புவது என்பது. கட்டுரைகளின் தரம் சீராக இல்லை என்பதை மறுக்க முடியாது. ஒருவர் கடன் கணக்கைக் குடும்பம் குடும்பமாகத் தருவார்; இன்னொருவர் 'பலர் கடனில் இருக்கிறார்கள்' என்று ஒரே வரியில் கடப்பார். குடும்ப வரவு செலவு எல்லாரிடமும் பலவீனமானது. நினைவிலிருந்து சொன்ன ஆண்டுத் தொகைகள் வேறு எப்படியும் இருக்க முடியாது. ஆனால் அரசுப் புள்ளிவிவரம் இதைவிட மேல் என்று கருதவும் இடமில்லை. விளைச்சல் புள்ளிவிவரம் கணக்குப்பிள்ளை அணாக் கணக்கில் போட்ட மதிப்பீட்டிலிருந்து பிறந்தது. பயிர் அறுவடைச் சோதனைகள் பரவலானது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். மாணவரின் கட்டுரையில் குறையைக் காண முடிகிறது என்பதே அதன் நன்மை: எந்த வீட்டில் கேட்டார், எதை ஏட்டிலிருந்து எடுத்தார், எதை ஊகித்தார் என்பது எழுத்திலேயே தெரிகிறது. மாவட்டக் கூட்டுத்தொகையில் அந்தத் தடம் அழிந்துவிடுகிறது. தென்னிந்திய நிலமும் சாதியும் பற்றி 1965-இல் நூல் எழுதிய தர்மா குமார் போன்ற கடுமையான சான்றாய்வாளர்கள் வந்த பிறகும் இக்கட்டுரைகள் கழித்துக்கட்டப்படவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் மாதிரித் தேர்வு பற்றியது. மாணவரின் ஊர் என்பதற்காக எடுத்த ஊர், மாகாணத்தின் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு எப்படிப் பிரதிநிதியாகும்? ஆகாது. கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் வசதி உள்ள குடும்பம் இருந்த ஊர், பொதுவாக ஓரளவு வளமான ஊர். ரயிலடிக்கோ பட்டணத்துக்கோ எட்டும் தொலைவில் இருந்த ஊர். பாளையக்காரர், ஜமீன் பகுதிகளின் உள்ளொடுங்கிய சிற்றூர்களும் மலையூர்களும் இந்த வலையில் சிக்கவே இல்லை. எனவே ஐந்து ஊர்களின் சராசரியை எடுத்துத் தமிழ்நாட்டின் சராசரி என்று எழுதுகிறவர் தவறு செய்கிறார். ஆனால் ஓர் ஊரை அதே ஊரோடு, 20 ஆண்டு, 65 ஆண்டு, 90 ஆண்டு இடைவெளியில் ஒப்பிடுவதற்குப் பிரதிநிதித்துவம் தேவையில்லை, தொடர்ச்சி போதும். எந்த வழியால் மாற்றம் வந்தது என்று காட்ட அத்தகைய ஒப்பீடே உதவும். எத்தனை ஊரில் வந்தது என்று எண்ணுவது மாதிரிக் கணக்கெடுப்பின் வேலை.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. ஆராய்ந்தவர்கள் யார்? 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள் 124, ஏனையோர் 74. 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கைக்குப் பின்னணியாக நின்ற நிலைமை இதுதான். பிராமணரல்லாதாரிலும் கல்லூரி வரை வந்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள குடும்பத்தினர். பெண்கள் பல்கலைக்கழகத்தில் மிக அரிது. இராணி மேரி கல்லூரி தொடங்கியதே 1914-இல்தான். ஆகவே ஊரை உள்ளிருந்து அறிந்தவர் என்று மேலே சொன்ன தகுதி, ஊரின் ஒரு பகுதியை அறிந்தவர் என்றே பொருள்படும். கணக்குப்பிள்ளை ஏட்டைத் திறந்து காட்டியதும் அதே உறவால்தான். சேரிக்குள் போய்த் திண்ணையில் அமர்ந்து கேட்கும் வழக்கம் அன்றைய அக்கிரகாரத்து இளைஞருக்கு இல்லை. கேட்டிருந்தாலும், தன் ஆண்டையின் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு படியாள் எதைச் சொல்லியிருப்பார்? கடனைச் சொல்லலாம், அது ஆண்டைக்கும் தெரிந்ததுதான். அடியைச் சொல்ல மாட்டார். அறுவடையில் மறைத்து வைத்த கதிரைச் சொல்ல மாட்டார். கட்டுரைகளில் படியாள் சோம்பலாலும் குடியாலும் கெடுகிறார் என்ற தொனி ஆங்காங்கே தலைகாட்டுவது இந்த இடத்திலிருந்து பார்த்ததன் விளைவு. நாற்று நடும் பெண்களின் உழைப்பு கூலிப் பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்குகிறது. வீட்டுக்குள் அவர்கள் செய்யும் வேலைக்கு வினாநிரலில் இடமே இல்லை.

இந்தக் குறையை வைத்துக்கொண்டு ஆய்வுகளை ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கினால் இழப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும். தம் குடும்பத்துக்குச் சாதகமில்லாத செய்தியை அந்த இளைஞர்கள் எழுதி வைத்தார்கள்: நிலம் சில கைகளில் இருக்கிறது, படியாளின் கடன் அடைவதில்லை, சேரியில் பள்ளி இல்லை, குடிநீர்க் கிணறு தனி. வினாநிரல் கேட்டதால் எழுத வேண்டியிருந்தது. ஊரில் பிறந்ததிலிருந்து கண்ணில் பட்டும் கணக்கில் வராததை எண்ணச் சொன்னது அந்தக் காகிதம். ஆசிரியர் வகுத்த கேள்விக்கும் மாணவரின் பழக்கத்துக்கும் இடையே நடந்த இந்த இழுபறியே ஆய்வுகளைச் சாட்சியாக்கியது. கேள்வி இல்லாமல் எழுதியிருந்தால் கிடைத்திருப்பது ஊர்ப் பெருமை. ஊரறிவு இல்லாத வேற்றூர் எழுத்தர் எழுதியிருந்தால் நிரப்பிய படிவம். தலித் தலைவர்களான அம்பேத்கரும் எம். சி. ராஜாவும் தீண்டாமையைப் பொதுமேடையில் பொருளாதாரக் கேள்வியாக்கிய பத்தாண்டுகளுக்கு, ஊர்க்கணக்கு எழுதிய இந்த இளைஞர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஆதாரம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

முதல் மறு ஆய்வு 1936-37-இல் நடந்தது. ஸ்லேட்டருக்குப் பின் துறைத் தலைமைக்கு வந்த பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து அதைத் தொகுத்தார். பல்கலைக்கழகம் 1940-இல் நூலாக்கியது. இடையில் 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் நெல் விலையை ஏறத்தாழ பாதியாக்கியிருந்தது. கடன் ரூபாயில் இருந்தது, வரவு நெல்லில் இருந்தது. விலை பாதியானால் கடன் இரட்டிப்பாகும். அதே ஆண்டுகளில் அரசு அதிகாரி சத்தியநாதன் விவசாயக் கடன் பற்றி அரசுக்கு அறிக்கை தந்தார், 1938-இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு கால நிலைகளையும் ஒரே ஊரில் வைத்துக் காட்டும் ஆவணம் என்பதால் 1940-ஆம் ஆண்டு நூலுக்குத் தனி மதிப்பு. இந்தியாவில் ஒரே ஊர்த் தொகுதியைத் திட்டமிட்டுத் திரும்ப ஆராய்ந்த தொடக்க முயற்சிகளில் இதற்கு முதன்மை இடம் தர வேண்டும்.

1961-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மார்கரெட் ஹாஸ்வெல் சில ஊர்களுக்குச் சென்றார். நூல் 1967-இல் வந்தது. மால்கம் ஆதிசேஷய்யா 1971-இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் 1981-85-இல் ஐந்து தமிழ்நாட்டு ஊர்களையும் மீண்டும் எடுத்தது. தமிழக நிதித்துறைச் செயலராக இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்த எஸ். குகன் இதன் முதுகெலும்பு. அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மென்ச்சரோடு சேர்ந்து இருவேல்பட்டையும், பாலக்குறிச்சி, தூசி ஆகியவற்றையும் அவர் ஆராய்ந்தார். வடமலாபுரத்தையும் கங்கைகொண்டானையும் வெங்கடேஷ் ஆத்ரேயா ஆராய்ந்தார். இந்த இடைவெளியில் 1952-இன் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது, நில உச்சவரம்பு வந்திருந்தது, உயர்விளைச்சல் நெல்லும் மின்சார மோட்டாரும் வந்திருந்தன. கீழத்தஞ்சையில் கூலித் தொழிலாளரின் செங்கொடிச் சங்கம் வேரூன்றி, 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையும் நடந்திருந்தது. பாலக்குறிச்சியின் கூலி உயர்வைப் பயிர் விளைச்சலைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. சங்கம் இல்லாத இருவேல்பட்டில் விளைச்சல் பெருகியும் கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் இது கண்ணில் படும்.

ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டை 2008 வரை தொடர்ந்து 2010-இல் கட்டுரை வெளியிட்டனர். கங்கைகொண்டானைப் பற்றிய அவர்களது கட்டுரை 2012 வரையிலான மாற்றத்தைச் சொல்கிறது. இருவேல்பட்டின் பெருநிலக் குடும்பத்தின் பிடி தளர்ந்தது, தலித் குடும்பங்கள் ஊருக்கு வெளியே வேலை தேடிக்கொண்டன, ரேஷன் அரிசியும் வேலை உறுதித் திட்டமும் ஆண்டையிடம் கையேந்தும் தேவையைக் குறைத்தன என்பது அவர்கள் கண்டது. பாலக்குறிச்சியை வேளாண் ஆய்வுகளுக்கான அறக்கட்டளை 2019-இல் கீழ்வெண்மணியோடு சேர்த்து ஆராய்ந்தது. இன்று கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பூங்கா உள்ளது. இருவேல்பட்டு 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது நடந்த மறியலால் செய்தியில் அடிபட்டது.

ஆய்வு முறை நேர்த்தியாகிக்கொண்டே வந்த இந்தத் தொடரில், அதைத் தொடங்கியவர்களின் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1916-இல் மாணவர் எழுதினார். 1980-களில் நிறுவனம் எழுதியது. அதற்குக் காரணம் இருக்கிறது: மாதிரி, குறியீடு, சரிபார்ப்பு என்று ஆய்வு ஒரு தொழிலாகிவிட்டது, தவறான தரவால் தவறான கொள்கை பிறக்கும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் முதற்கட்டத்தின் பெருங்குறை, சேரியிலிருந்தும் குடிசையிலிருந்தும் எழுதுகிறவர் இல்லாதது. இடஒதுக்கீடும் அரசுக் கல்லூரிகளும் சேர்ந்து அந்தத் தெருக்களின் பிள்ளைகளைப் பட்டப்படிப்புக்குக் கொண்டுவந்த காலத்தில், வினாநிரல் அவர்கள் கைக்கு வராமல் போனது. படியாளின் பேரனோ பேத்தியோ அதே ஊரை அதே கேள்விகளோடு எழுதியிருந்தால், 1918-ஆம் ஆண்டு நூலின் மௌனங்கள் எவை என்று துல்லியமாகத் தெரிந்திருக்கும். தொழில்முறை ஆய்வாளர் அதை ஊகிக்கத்தான் முடியும்.

மாணவரை ஊருக்கு அனுப்பும் திட்டங்கள் அதன் பிறகும் இல்லாமல் இல்லை. 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மாணவரைக் கிராம முகாமுக்குக் கொண்டுசென்றது. ஆனால் அங்கே அவர் சாலை போட, மரம் நட, விழிப்புணர்வு ஊட்டப் போகிறார், கேட்க அல்ல. மத்திய அரசு 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான், கல்லூரிகள் ஊர்களைத் தத்தெடுத்து வீட்டுவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்கிறது. படிவம் மாணவர் கையில் இருக்கிறது, ஆனால் ஊர் கல்லூரிக்கு அருகில் இருப்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டது. மாணவருடைய ஊராக இருக்க வேண்டியதில்லை. ஸ்லேட்டரின் முறைக்கு நெருங்கி வருவது மும்பையில் நடந்தது. அர்ஜுன் அப்பாதுரை முதலியோர் தொடங்கிய புகார் என்ற அமைப்பு, 2005 முதல் நகரின் குடிசைப் பகுதி, சிறுநகர் இளைஞர்களைக் குழுவாகச் சேர்த்து, அவர்கள் தம் தெருவைப் பற்றி அவர்களே தேர்ந்த கேள்வியை ஓராண்டு ஆராயச் செய்தது. அத்திட்டத்தில் சேரப் பட்டமோ ஆங்கிலமோ கட்டாயமில்லை. ஆராயும் உரிமை குடிமக்கள் எல்லாருக்கும் உண்டு என்று 2006-இல் அப்பாதுரை எழுதிய கட்டுரை இந்த அனுபவத்தை ஒட்டியது. அங்கே கேள்வியையும் இளைஞரே வகுக்கிறார், சென்னையில் பேராசிரியர் வகுத்தார். பழக்கத்துக்கு எதிராகக் கேட்கும் வினாநிரலும், அடித்தட்டிலிருந்து வரும் ஆய்வாளரும் ஒரே திட்டத்தில் சேர்ந்தால் ஐந்து ஊர்களிலும் புதிதாகக் கிடைக்கக்கூடியது நிறைய. கீழத்தஞ்சையில் கூலி அளந்த மரக்கால்களையும், வீட்டுக்குள் பெண்கள் செய்யும் வேலையையும், திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டு வரும் இளைஞர்கள் அனுப்பும் பணத்தையும் அப்போதுதான் முழுதாகக் கணக்கில் எழுத முடியும்.